நிமிடத்துக்கு அறுபத்திரண்டு

சென்னை,
16.12.2002.

அன்புள்ள பவானி அக்காவுக்கு,

உன் தங்கை ராஜாத்தி எழுதுவது. நலம் என்று முதல் வரியிலேயே எழுத முடியவில்லை. பதறாமல் கடைசிவரை படி.

நான் முதலில் கண்டது தாயத்தைத்தான். வெள்ளிக்கிழமை காலை பவுனு பாயில் படுத்திருந்தாள். குவைத்துக்குக் கிளம்பும்போது நீ உன் குழந்தைக்குக் கட்டிவிட்டுப் போன தாயத்து, அவள் விலாவுக்குக் கீழே சரிந்து கிடந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த இடம் குழிந்தது. தாயத்து உள்ளே இறங்கி இறங்கி எழுந்தது.

இரண்டு நாளாகச் சளியில் கத்திக்கொண்டிருந்தவள் அன்று அழவே இல்லை. உன் மாமியார் செல்லம்மா அத்தைக்கு அதில் சந்தோஷம். "இன்னிக்கித்தான் கொயந்த சமத்தா கீது. உன்னாட்டம் வாயில்லாப் பூச்சி" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. கூழ் ஊட்டினேன், வாயோரம் வழிந்தது. விரலைக் கொடுத்தேன், பிடித்துக்கொள்ளவில்லை.

முன்பொரு முறை போலியோ சொட்டு மருந்து முகாமில் ஒரு நர்ஸ், வேறொரு குழந்தையின் சட்டையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினார். நம் பவுனு மாதிரி ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு நிமிடத்துக்கு நாற்பது வந்தாலே காத்திருக்கக் கூடாது என்று அதன் அம்மாவிடம் சொன்னார். நான் எட்டாவதோடு நின்றவள்தான். ஆனால் எண்ணத் தெரியும். காசிமேட்டு இறால் கம்பெனியில் கிலோவுக்கு எத்தனை என்று எண்ணித்தானே தரம் பிரிக்கிறேன்? சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு முள் ஒரு சுற்று வருவதற்குள் அறுபத்திரண்டு. மறுபடி எண்ணினேன். அறுபத்திரண்டு.

அத்தையிடம் சொன்னேன். "கொயந்த மூச்சு இன்னா எறாவாடி, எண்ணிகினு கீறே?" என்று சிரித்தார். தோஷமாயிருக்கும், சாயங்காலம் தர்காவில் மந்திரிக்கலாம் என்றார். பவுனுவின் அப்பா கடலுக்குப் போய் ஐந்து நாள். யாரையும் கேட்கவில்லை. பவுனுவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து பரசுராமன் அண்ணன் ஆட்டோவை மறித்தேன்.

"எம் பேத்திய எங்கடி தூக்கினு போறே?" என்று அத்தை தெருவே கேட்கக் கத்தினார். மந்திரிப்பதை அப்புறம் மந்திரியுங்கள், இப்போது வழியை விடுங்கள் என்று நானும் கத்தினேன். "ஊமைக்கு வாய் வந்துச்சுடோய்" என்றபடி அண்ணன் வண்டியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் நீள வரிசை. நான் முன்னால் போனதும் எல்லோரும் சண்டைக்கு வந்தார்கள். "சளி இல்லாத கொயந்த எங்கமே கீது? பின்னால போ" என்றார் ஒரு அம்மாள். போகவில்லை. நர்ஸ் முன்னால் பவுனுவின் சட்டையைத் தூக்கி, "அறுபத்திரண்டு" என்றேன். அந்த நர்ஸ், ஃப்ளோரா சிஸ்டர், விலாவுக்குக் கீழே விழுந்த குழியைப் பார்த்தார். கையிலிருந்த சீட்டுகளைப் போட்டுவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு ஆக்சிஜன் இருக்கும் அறைக்கு ஓடினார். நிமோனியா.

இன்று நான்காம் நாள். மூக்குக் குழாயை நேற்று எடுத்துவிட்டார்கள். இன்று காலை மூச்சு நாற்பத்து நான்கு. கூழ் இறங்குகிறது. ஊசி போட்டால் வார்டே அதிரக் கத்துகிறாள். கத்தட்டும்.

இன்னும் மூன்று நாள் ஊசி போட வேண்டும். அத்தையோ இன்றே கூட்டிப்போக வேண்டும் என்கிறார். "சொம்மா கெடந்த கொயந்தய குத்திக் குத்தி அய வெக்கிறாங்க" என்று சண்டை. உனக்கும் எழுதக் கூடாதாம், வேலையை விட்டு ஓடி வந்துவிடுவாயாம். உன்னிடம் மறைக்கப் பார்ப்பதால்தான் எழுதுகிறேன். போனில் யார் "கொயந்த நல்லாக்கீது" என்று சொன்னாலும், மூச்சு எத்தனை என்று கேள், அக்கா. தெரியவில்லை என்றால் என்னைக் கூப்பிடச் சொல்.

சற்று முன் அத்தை ஒரு பையோடு வந்து, பவுனுவின் துணிகளை அதில் திணித்தார். கீழே ஆட்டோ நிற்கிறது, எழுந்திரு என்றார். நான் பையை வாங்கி, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அவள் தலைமாட்டில் அடுக்கினேன். பிறகு அவள் சட்டையைத் தூக்கி எண்ணத் தொடங்கினேன்.

உன் பவுனுவின் பக்கத்திலிருந்து,
ராஜாத்தி