நானும் ஓரகத்தியும் ஓர் ஓட்டையும்

பிப்ரவரி 9

வந்திருக்கவே கூடாது. அண்ணனும் தம்பியும் போட்ட பயணத் திட்டம் இது. கடைசி நேரத்தில் இருவருக்கும் லீவு கிடைக்கவில்லை. “டிக்கெட் வீணாப் போகுது, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்களேன்” என்றார் என் வீட்டுக்காரர். இப்போது ஆளுக்கொரு பொதியை முதுகில் சுமந்துகொண்டு நானும் அவர் தம்பி மனைவியும் ஊர் ஊராக அலைகிறோம். கேட்டதற்கு மட்டும்தான் வாய் திறக்கிறாள். திமிர்தான், வேறென்ன? நாளை அந்தக் கடலோரக் கோட்டை ஊர். பார்த்துவிட்டு நேரே வீடு.

பிப்ரவரி 10

எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதாவிட்டால் யாரும் நம்பவும் மாட்டார்கள்.

ஊரைச் சுற்றிக் கல் மதில். அதன் மேல் நடக்கலாம். துப்பாக்கி நீட்டுவதற்கென்று அங்கங்கே ஓட்டைகள். “அந்தப் பக்கம் என்ன தெரியும்?” என்று தனக்குத்தானே கேட்டாள் ஓரகத்தி. மூத்தவள் நான் சும்மா இருப்பேனா? தலையை விட்டேன். போகும்போது மடங்கிக் கொடுத்த காதுகள், திரும்பும்போது மாட்டேன் என்றுவிட்டன.

எதிரே கடல். கீழே படகுக்காரர் ஒருவர் அண்ணாந்து, “அங்க என்னம்மா பண்றீங்க?” என்றார்.

“காத்து வாங்கறேன்!”

பின்னால் ஒரு சுற்றுலாக் கூட்டம் வந்து நின்றது. வழிகாட்டி, “இது வழியாத்தான் எதிரிகளைச் சுடுவாங்க” என்றார்.

“அப்ப இவங்க?”

“இவங்க... இன்னிக்கு வந்தவங்க.”

கூட்டம் சிரித்தது. என் ஓரகத்தியோ, “சிரிக்காம எண்ணெய் கொண்டாங்க! இது எங்க அக்கா!” என்று கத்தினாள். அவளுக்கு இவ்வளவு குரலா! கீழேயிருந்து சைக்கிள் கடைக்காரர் ஒருவர் எண்ணெயோடு ஓடி வந்தார். “புது எண்ணெய்தாம்மா, இன்னும் எந்தச் செயினுக்கும் போடலை.” அவள் ஓட்டைக்குள் கையை விட்டு இரண்டு காதிலும் தடவி, என் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். வந்தேன். வந்த வேகத்தில் அவள் மேல் நான், வழிகாட்டி மேல் அவள்.

எழுந்திருக்காமலே விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “கல்யாணமான நாள்லேருந்து உங்களைக் கண்டா எனக்கு பயம்க்கா. இனிமே எப்படி பயப்படறதுன்னு தெரியலை.”

என்னைக் கண்டு பயமா? நான் என்ன பேயா, பிசாசா? அடிப் பாவி, நான் உன்னைத் திமிர் பிடிச்சவள்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்!

பிப்ரவரி 11

கழுத்து திரும்பவில்லை. யார் கூப்பிட்டாலும் தேர் மாதிரி உடம்போடு திரும்புகிறேன்.

பிப்ரவரி 13

வீட்டுக்காரர் போன் செய்தார். “முந்தாநாளே வந்துடறதாச் சொன்னீங்களே, இன்னும் காணோமே, சண்டை கிண்டை போட்டுக்கிட்டீங்களா?”

போனை அவள் பிடுங்கினாள். “இங்கே பஸ்ஸே ஓடலை மாமா. என்ன பண்றதுன்னே தெரியலை.”

கண்டக்டர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் வாயில் விரல் வைத்துக் காட்டி, அடுத்த ஊருக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன்.