பினாங்குப் பாலத்தடியில் இறங்கினோம்

2008 நவம்பர் 14

பயிற்சி முடிந்தது. கருவாட்டை அழகாகப் பெட்டியில் அடைத்து விற்கக் கற்றுத்தர எங்கள் மாதர் சங்கத்தை மலேசியா வரை கூட்டிவந்தார்கள். ஞாயிறு ஓய்வு நாள். என்னையும் கலாஜினியையும் ஓட்டமாவடி உம்மு குல்தூமையும் பினாங்கு சுற்றிக்காட்ட குணாளன் வான் கொண்டுவருகிறானாம்.

மலேசியாக்காரன். சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புப் பக்கம் எங்கள் பெரியகல்லாற்றுக்குத் தொண்டு வேலைக்கு வந்து, என் புது வீட்டுக்கு வயர் இழுத்தவன். மூன்று வருடமாகப் போனில் பேசுகிறோம். ஊருக்குத் திரும்பாதே, கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே இருந்துவிடு என்கிறான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண்தான் வந்து சேர்வான். கடல் வழித்துக்கொண்டு போன அதே வளவில் எழும்பிய வீடு அது. விட்டுவிட்டு வருவதா?

நவம்பர் 15

"அவர் நம்மட ஊருக்கு வரமாட்டன் எண்டா என்னகா செய்வாய்?" கலாஜினிதான். வராவிட்டால் போகட்டும். நான் கெஞ்சமாட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதாவிட்டால் தலை வெடிக்கும்.

தீவுக்குப் போகும் நீளப் பாலத்துக்கு முன்னால் வரிசையாகக் கூண்டுகள், குறுக்கே தடி. வான் மெதுவாகி நின்றது. இறங்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. மூவரும் கதவைத் தள்ளித் திறந்து இறங்கினோம். அடையாள அட்டையைக் கையில் எடுத்தோம், பையைத் திறந்து பிடித்தோம், ஒருவர் பின் ஒருவராகக் கூண்டை நோக்கி நடந்தோம். உள்ளே இருந்த மலாய்ப் பெண் வாயைப் பிளந்தாள். பின்னால் கார்கள் ஹோன் அடித்தன. நான் பையை அவளிடம் நீட்டியே விட்டேன்.

எங்கள் ஊர் ஆமிச் சோதனைச் சாவடி இல்லை, அது பாலத்துக்குக் காசு வாங்கும் இடம்!

சீ, மானம் போயிற்று. கலாஜினி சிரித்துச் சிரித்துக் குந்திவிட்டாள். குணாளன் வானை ஓரம் கட்டிவிட்டு வந்தான். இவன் சிரித்தால் இன்றோடு சரி என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"தினமும் இப்படித்தானா?"

"ஓம். மீன் வாங்கப் போனாலும்."

அவன் எங்கள் ஊரில் இருந்தபோது தொண்டு வாகனத்தை யாரும் மறித்ததில்லை. பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்?

பிறகு அவசரமில்லாமல் சுற்றினோம். உம்மு குல்தூம் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வரும்வரை வெளியே நின்று, தேங்காய்ப்பாலில் ஐஸ் போட்ட செண்டோல் குடித்தோம். பச்சைப் புழு போலக் கிடக்கிறது, வேண்டாம் என்ற கலாஜினி மூன்று கோப்பை முடித்தாள். கடலுக்குள் மரக்கால் நட்டு வீடு கட்டியிருக்கும் தெருவில், இவர்களுக்கு எவ்வளவு துணிச்சல் என்று மூவரும் வாயடைத்து நின்றோம். மாலையில் கடற்கரை வாங்குப் பலகையில் கடலைப் பார்த்தபடியே உட்கார்ந்தோம். சுனாமி வந்த அந்த மார்கழிக்குப் பிறகு நாங்கள் கடலுக்கு முதுகு காட்டுவதில்லை.

அங்கே வைத்து மறுபடி கேட்டான். இங்கே யாரும் உன் பையைத் திறக்கச் சொல்லமாட்டார்கள் சுலோ, இருந்துவிடு.

"நான் வீட்ட விட்டுட்டு வரமாட்டன். நீங்க வாங்க."

கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னது சொன்னதுதான். வானில் ஏறியதும் அழுதேன் — அதையும் எழுதத்தானே வேண்டும்.

2009 பெப்ரவரி 8

வடக்கே வன்னியில் சண்டை. இங்கே ஊரில் சோதனை இரண்டு மடங்கு. அவனிடமிருந்து போன் இல்லை.

மே 19

சண்டை முடிந்ததாம். சந்தியில் வெடி கொளுத்துகிறார்கள். வன்னியில் இருந்த கலாஜினியின் அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவளோடு இருந்துவிட்டு வந்தேன்.

பின்னேரம் குணாளன் போன் எடுத்தான். ஊர் இனிச் சரியாகிவிடுமா என்றான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எல்லாம் சரியான பிறகுதான் வருவதென்றால் வரவே வேண்டாம் என்றேன். போனை வைத்துவிட்டான். கூடிப் போச்சோ? இல்ல. சரியாத்தான் சொன்னன்.

ஓகஸ்ட் 9

மட்டக்களப்புக்குப் போய், மலேசியாவிலிருந்து வந்திறங்கிய குணாளனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பெரிய பெட்டி ஒன்று, வயர் வேலைச் சாமான் பை ஒன்று. பாலத்தடியில் பஸ் நின்றதும் எல்லோரும் இறங்கினோம். ஆமிக்காரன் அவனுடைய கடவுச்சீட்டைக் கண்டு, வெளிநாட்டுக்காரர் பஸ்ஸிலேயே இருக்கலாம் என்று கையைக் காட்டினான். இவன் கேட்கவில்லை. பையைத் திறந்து பிடித்துக்கொண்டு ஆண்கள் வரிசையில் போய் நின்றான். பெண்கள் வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

"எங்க போறது?" என்று இவனைக் கேட்டான் ஆமிக்காரன்.

"வீட்டுக்கு."