'சொந்த வீடு இருக்கு' என்று சொன்ன அப்பாவுக்கு

தறிச் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலைந்து எழும் என் அப்பாவுக்கு,

கோமதி எழுதுகிறேன். அம்மாவுக்கு மூட்டு வலி இருக்கிறது, கோபம் இருக்கிறது. இரண்டும் நீங்கள் இருந்தபோதே இருந்தவைதான். நான் இப்போது தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஒரு இ-சேவைக் கடையில் வேலை பார்க்கிறேன். ஊர்ப்பட்ட பேருக்கு விண்ணப்பம் தட்டிக் கொடுக்கிறேன். நம் வீட்டுக்கு ஒரே ஒரு தாள் எழுத முடியாமல் ஒரு வாரமாக அம்மாவோடு மல்லுக்கட்டு. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நாம் வாடகைக்கு இருக்கும் வளவை வீட்டுக்காரர் விற்றுவிட்டார். வரிசையாக இருந்த பன்னிரண்டு குடும்பமும் ஆடித் தவசுத் திருவிழாவுக்குள் காலி செய்ய வேண்டும். அங்கே கடைகள் வரப் போகின்றன. நானும் தெருத் தெருவாக வாடகைக்குக் கேட்டுப் பார்த்தேன். "வீட்ல ஆம்பளை யாரும் இல்லியா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். ஆம்பளை இருக்கிற வீடு மட்டும் என்ன வாழ்கிறது? அடுத்த வீட்டு இசக்கி அண்ணன் பெண்டாட்டி பிள்ளைகளோடு தான் வேலை பார்க்கும் தறிக்கூடத்துக்கே குடிபோய்விட்டார். நூல் மூட்டைகளுக்கு நடுவில் சமையல், படுக்கை, பிள்ளைகளின் பாடம் எல்லாம்.

வீடில்லாதவர்கள் என்றால் பஸ் ஸ்டாண்டில் துண்டு விரித்துப் படுப்பவர்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கல்யாண மண்டபத்து அடுப்படியில் ஒரு குடும்பம் இருக்கிறது, அப்பா. முகூர்த்த நாள் வந்தால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். அந்த வீட்டுப் பெண் தேய்த்த சேலை கட்டி வேலைக்குப் போகிறாள். பார்த்தால் யாருக்குத் தெரியும்?

இப்படி வீடில்லாதவர்களுக்கு நகராட்சி அடுக்குவீடு கட்டப் போகிறது. முதலில் மேலநீலிதநல்லூர் ரோட்டில், ஊரைத் தாண்டி இடம் பார்த்தார்கள். விடியுமுன் பூ மார்க்கெட்டில் நிற்க வேண்டிய பூக்காரி அங்கிருந்து எதில் ஏறி வருவாள்? வீட்டைப் பூட்டிவிட்டு மார்க்கெட் வாசலிலேயே படுத்துக்கொள்வாள். நாங்கள் நாற்பது பெண்கள் இதை எழுதி, திரும்பத் திரும்பப் போய் நின்றோம். இப்போது வாரச்சந்தை பக்கம், பழைய சரக்குக் கிட்டங்கி இருந்த இடத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மைக் பிடித்துப் பேசினேன், தெரியுமா? பேச்சு நடுங்கவில்லை.

இனி நம் கதைக்கு வருகிறேன்.

என்னைப் பெண் பார்க்கக் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தார்களே, அந்த நாள் நினைவிருக்கிறதா? பஜ்ஜித் தட்டை நான் கீழேகூட வைக்கவில்லை, அதற்குள் வீட்டுக் கணக்கெடுப்புக்காரர் ஃபைலோடு வாசலில் வந்து நின்றார். "சொந்த வீடு இருக்கா, இல்லியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நீங்கள் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, "இருக்கு சார். குருவிகுளம் பக்கம் நல்ல காரை வீடு. இங்கன சும்மா சோலிக்காவ இருக்கோம்," என்றீர்கள். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்தக் காரை வீட்டில் கூரை இல்லை, நிற்கிற சுவரும் பெரியப்பா பங்கு என்பது நமக்குத்தானே தெரியும்! அந்த வரன் வேறு காரணத்தால் தட்டிப்போனது. நீங்கள் சொன்னது மட்டும் பதிவேட்டில் நின்றுவிட்டது.

நீங்கள் மட்டும் சொல்லவில்லை. இந்த முறை நான் வீடு வீடாகப் போய் விசாரித்தபோது தெரிந்தது, பாதிப் பேர் அன்றைக்கு இதையே சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் மச்சினன் பக்கத்தில் இருந்தான் என்று, ஒருவர் முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார் என்று. வீடு இல்லை என்பதை நாலு பேர் முன்னால் யாரால் சொல்ல முடிகிறது? அதனால் அடுக்குவீட்டுக்காகக் கணக்கெடுக்கும் நகராட்சி மேடத்திடம் சண்டை போடாத குறையாகக் கேட்டேன்: வாசலில் நின்று கேட்காதீர்கள், பள்ளிக்கூடத்து அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். ஊரில் வீடு இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இந்த டவுனில் இன்றைக்கு எங்கே படுப்பீர்கள் என்று கேளுங்கள். அவரும் சரி என்றார். இசக்கி அண்ணன் அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தார். அடுக்குவீட்டுப் பட்டியலில் அவர் பெயர் ஏறிவிட்டது.

நம் பெயர்தான் ஏறவில்லை. சொந்த வீடு உள்ளவர்கள் என்று பழைய பதிவு இருக்கிறதே. "உங்க அப்பா கொடுத்தது தவறான தகவல்னு உங்க அம்மா எழுதிக் கையெழுத்துப் போடணும்," என்றார் மேடம்.

அம்மா எழுந்தாளே பார்க்கணும். "ஏட்டி, செத்துப்போன மனுசன் பொய் சொன்னாருன்னு என்னய எழுதிக் குடுக்கச் சொல்லுதியா? வீடு கெடைக்காட்டா போட்டும். மரத்தடியில கெடந்துக்கிடுதேன்."

ஒரு வாரம் கெஞ்சினேன். நேற்று என் வாய் சும்மா இருக்கவில்லை. "சொந்த வீடு இருந்திருந்தா அப்பாவத் தெருவுல கெடத்தியிருப்போமா?" என்று கேட்டுவிட்டேன். நீங்கள் இறந்த அன்று வீட்டுக்காரர் உடலை உள்ளே வைக்கக் கூடாது என்று சொன்னதும், சாக்கடை ஓரம் பெஞ்சைப் போட்டு உங்களைப் படுக்க வைத்தோமே, அதை அவள் ஒருநாளும் பேசியதில்லை. நேற்று ராத்திரி சாப்பிடவே இல்லை. சொல்லியிருக்கக் கூடாது, அப்பா. ஆனால் சொல்லாமல் எப்படி விடுவேன்?

இன்று காலை காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மாவே பேச்செடுத்தாள்.

"அந்தத் தாள்ல எதுக்குச் சொன்னாருன்னு எழுத எடம் இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்பம் எழுது. பொய் சொன்னாருன்னு எழுதாத. மவ நல்ல எடத்துல வாழணும்னு ஆசப்பட்டுச் சொன்னாருன்னு எழுது."

அப்படியே எழுதினேன். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்துப் பார்த்த பிறகுதான் அம்மா கையெழுத்துப் போட்டாள். மேடம் இந்த வாசகம் போதாது, தவறு என்ற சொல் வேண்டும் என்று சொன்னால், அதையும் பக்கத்தில் சேர்ப்பேன். உங்கள் ஆசையை எழுதிய வரியை மட்டும் அடிக்க விடமாட்டேன்.

நாளைக் காலை ஆபீஸ் திறக்கும்போது முதல் ஆளாக நிற்பேன். நம் பெயர் ஏறினாலும் வீட்டுக்கு ஓடி வந்துவிட மாட்டேன். வளவில் இன்னும் நான்கு குடும்பத்துக்குப் பெயர் ஏற வேண்டியிருக்கிறது, மண்டபத்து அடுப்படிப் பெண்ணும் இன்னும் வாய் திறக்கவில்லை. அவர்களையும் கூட்டிக்கொண்டு போய் நிற்பேன். அப்பா, அம்மாவின் கடைசி நாள் அவள் வீட்டுக்குள் நடக்கும். அவளைத் தெருவில் கிடத்த மாட்டேன். இது சத்தியம்.

நீங்கள் ஆசைப்பட்டு வளர்த்த மூத்த மகள்,
கோமதி
சங்கரன்கோவில்