பேசி வைத்த அடி

செப்டம்பர் 14

காலையில் மல்யுத்தம் பழகும் செம்மண் கூடத்தில் நாலே பேர். அதில் ஒருவர் முதுகுவலிக்கு எண்ணெய் தேய்க்க வந்தவர். வித்தை சொல்லித்தரும் உஸ்தாத் லிங்கண்ண ஜெட்டி விஜயதசமி முஷ்டிச் சண்டைக்கு ஜோடி சேர்த்தார். மைசூருக்கு நான். சாமராஜநகருக்கு கிரிதர் — பிப்ரவரியில் என் கூடப்பிறந்த தாராக்காவைக் கட்டப்போகிறவர்.

"வேற ஆளு எங்கடா இருக்கான்? எல்லாவனும் கம்ப்யூட்டர் முன்னால தொப்பை வளக்குறான்," என்றார்.

செப்டம்பர் 22

கிரிதர் மாமாவே வந்து பேசினார். சில வருஷமாக எல்லா ஜோடியும் செய்வதுதான். எருமைக் கொம்பில் செதுக்கிய, முள்முள்ளான முஷ்டியை விரலில் கட்டிக்கொண்டு, மழித்த தலையில் ஒரு கீறல். முதல் ரத்தம் தெரிந்ததும் ஆட்டம் முடிந்தது. சாப்பிடப் போகலாம்.

"நான் தலையக் குடுக்கறேன், நீ கீறு மாப்ளே. உங்க ஊரு அரண்மனை, நீயே ஜெயிச்சுக்கோ. கல்யாண போட்டோல தழும்பு விழாம பாத்துக்க, அது போதும்."

சிரித்தோம். என் கல்லூரி நாடக வகுப்பில் இதற்கு ஒத்திகை என்று பெயர். வெட்கமாகவும் இருந்தது. பொய்க்கா, பயத்துக்கா?

அக்டோபர் 12, விஜயதசமி

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

அரண்மனை முற்றம். அவர் குனிந்து தலையைக் கொடுத்தார். கீறினேன். ரத்தம் வரவில்லை. தோல் வெளுத்ததோடு சரி. மறுபடி கீறினேன். வரவில்லை.

கூட்டத்தில் எவனோ, "மொட்டையில பேன் பாக்குறான்டா!" முற்றமே சிரித்தது.

"போடுடா," என்று மாமா பல்லைக் கடித்தார். போட்டேன். வலித்திருக்க வேண்டும், என் விலாவில் திருப்பி இறக்கினார். அது பேசி வைத்ததில் இல்லை. அதற்குப் பிறகு எதுவுமே இல்லை. கொம்பு எலும்பில் மோதும் சத்தம். வாய் நிறைய மண். என் முழங்கால் அவர் நெஞ்சில். உச்சந்தலை பிளந்து ரத்தம் வந்தாயிற்று. "நிறுத்துடா!" — உஸ்தாத் குரல் கேட்டது. கேட்டும் இன்னொன்று இறக்கினேன். இடது கண்ணில்.

சந்தோஷமாக இருந்தது.

ஐயோ, சந்தோஷமாத்தான்டா இருந்துச்சு.

அக்டோபர் 13

கண் போய்விட்டது. தாராக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, என்னைப் பார்க்காமல் குளிக்கப் போனாள்.

அக்டோபர் 20

யாரோ எடுத்த வீடியோவை லட்சக்கணக்கான பேர் பார்த்திருக்கிறார்கள். வித்தை பழக வரும் பையன்களால் கூடத்து வாசலில் செருப்பு விட இடமில்லை.

"அந்தக் கடைசி அடி எப்படிண்ணா?"

உஸ்தாத் அழுதார். "நம்ம கொலதெய்வம் நிம்பஜா தாயி கண்ணத் தொறந்துட்டாடா. இனி நம்ம வித்தை சாகாது."

வேறு வார்த்தை கிடைக்கவில்லையா அவருக்கு?

பிப்ரவரி 7

கல்யாணம் நடந்தது. மாமா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். பந்தியில் என் கையைப் பிடித்தார்.

"பேச்ச மொதல்ல மீறுனது நான்தான் மாப்ளே. விலாவுல."

மன்னிப்பா? பிடி தளரவில்லை. விரலெலும்பு நொறுங்குவதுபோல் வலித்தது. இருவரும் சிரித்தபடி இருந்தோம்.

ஆகஸ்ட் 30

உஸ்தாத் இப்போது ஆள் தேடவில்லை; வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறார். மாமா என்னைத்தான் ஜோடியாகக் கேட்டிருக்கிறார்.

"ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டா? வேணாம்பா."

"கூட்டம் அதுக்குத்தான வருது உஸ்தாத்." பிறகு என்னிடம், "இந்தத் தடவ பேசி வக்கிறதெல்லாம் கெடயாது."

அக்டோபர் 1

நாளை விஜயதசமி. தாராக்கா சாயங்காலம் வந்தாள். உட்காரவில்லை.

"அவருக்கு இடது பக்கம் தெரியாது. தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும்."

"எந்தப் பக்கம் அடிப்ப?"

"வலது பக்கந்தான்க்கா."

தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

அவருடைய இடது பக்கமாகச் சுற்றி வந்து அடிப்பதை ஒரு மாதமாகப் பழகுகிறேன். நன்றாக வருகிறது.