மிஸ் கட்டிய ஆறு தவணை

மடுல்சீமை
12.03.1998

அன்புள்ள கமலா மிஸ்ஸுக்கு, கருப்பம்மா எழுதிக்கிறது.

நாங்க எல்லாரும் சுகம். வவுனியா அகதி முகாம்ல ஒங்க அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு? நீங்க போனதுல இருந்து வியாழக்கிழமை சங்கக் கூட்டம் களையாவே இல்ல.

ஒண்ணு கேக்கணும் மிஸ். சங்கக் கடன்ல வாங்குன மாடு மழையில பள்ளத்துல விழுந்து செத்தப்போ ஆறு தவணை பாக்கி. குழுவுல அஞ்சு பேரும் பங்கு போட்டுக் கட்டுறதாப் பேசி வச்சிருந்தோம். போன வாரம் பணத்தோட போனா, சங்கத்துல ஒங்க எடத்துக்கு வந்த புது மிஸ் சொல்றாங்க, "ஒங்க கடன் முடிஞ்சுபோச்சே. கமலா மிஸ் போறதுக்கு முந்தியே கட்டிட்டாங்க."

நல்ல மனசுலதான் செஞ்சீங்க. ஆனா வேற குழுவுல இருக்கிற வீரய்யா பொஞ்சாதி எல்லார் முன்னாடியும் கேட்டா, "என் கோழியெல்லாம் செத்தப்போ நான் பட்டினி கெடந்து கட்டினேன். எனக்கு ஏன் மிஸ் கட்டல?"

நான் அழுது வாங்கிட்டேன்னு நெனைக்கிறாங்க. நான் இப்ப கூட்டத்துக்கே போறதில்ல.

எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கருப்பம்மா


வவுனியா
02.04.1998

அன்புள்ள கருப்பம்மா,

உங்கள் கடிதம் கண்டு முதலில் கோபம்தான் வந்தது. உதவி செய்தது குற்றமா என்று நினைத்தேன்.

நேற்று இங்கே உடுப்புக் கொடுத்தார்கள். அம்மா முப்பது வருசம் ரீச்சராக இருந்தவ. அளவு கூடக் கேளாமல் ஒரு சட்டையை அவவின் மடியில் போட்டுவிட்டுப் போனார்கள். அம்மா இரவு சாப்பிடவில்லை. நான் உங்களுக்குச் செய்தது அப்போதுதான் விளங்கியது.

உங்களை நம்பித்தான் கடன் தந்தேன். மாடு செத்த அன்று அந்த நம்பிக்கையை நானே கைவிட்டேன். மன்னியுங்கள். அந்தப் பணத்தை ஏலுமான மாதிரி அனுப்புங்கள், வாங்கிக்கொள்வேன். நீங்கள் கேட்கவில்லை என்று வீரய்யாவின் மனைவிக்கும் எழுதியிருக்கிறேன்.

இங்கே ஒரே வெயில். உங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் குளிரக் குளிர நின்று கதைத்தது நினைவு வந்தபடியே இருக்கிறது.

கமலாம்பிகை


மடுல்சீமை
07.03.1999

அன்புள்ள மிஸ்ஸுக்கு,

இந்த மணியார்டரோட மொத்தமும் முடிஞ்சது.

ஒங்க கடுதாசியப் படிச்சிட்டு வீரய்யா பொஞ்சாதியே வந்து கூப்பிட்டா, "வாடி, ஒன் எடம் சும்மா கெடக்கு"ன்னு. குழுவுல மறுபடி கடன் குடுத்தாங்க. மாடு வேணாம்னுட்டேன். லயத்துக்குப் பின்னால லீக்ஸ் பாத்தி போட்டு, பஸ்ல பசறைச் சந்தைக்குக் கொண்டு போறேன். போன ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கெல்லாம் வித்துப்போச்சு. தவணை தவறல.

வருசம் பூரா மாசா மாசம் தபால் கந்தோருக்குப் போய்ப் பழகிட்டேன். அடுத்த மாசம் அங்க எனக்கு வேலையில்ல. நெனைச்சா ஒரு மாதிரியா இருக்கு.

ஒரு தடவ வந்துட்டுப் போங்க மிஸ்.

கருப்பம்மா


வவுனியா
29.03.1999

அன்புள்ள கருப்பம்மா,

பணம் கிடைத்தது. கையெழுத்துப் போட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டேன்.

வரத்தான் ஆசை. தெற்கே வரப் பயண அனுமதிப் பாஸ் கேட்டு மூன்று முறை வரிசையில் நின்றேன், கிடைக்கவில்லை. அம்மாவும் இப்போது எழுந்து நடப்பதில்லை. எப்போது வருவேனென்று சொல்லத் தெரியவில்லை.

இனி நமக்குள் கொடுக்கல் வாங்கல் ஏதும் இல்லை. ஆனாலும் மாதத்தில் ஒரு நாள் தபால் கந்தோருக்குப் போங்கள். சும்மா எழுதுங்கள். லீக்ஸ் என்ன விலை போனது, வியாழக்கிழமை யார் யார் வந்தார்கள், அங்கே மழையா என்று எழுதினாலும் போதும்.

கமலா