மடுவுக்கென்று ஏற்றின வான்

குருநகர்

மகளுக்கு,

உன்னோடு கதைக்க வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உன் சின்னவன் காய்ச்சலில் கிடந்தபோது, அவன் உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்துவதாக மடுக் கோயில் மாதாவுக்கு நேர்ந்தேன். "வாங்கோ அம்மா, மடுவுக்குப் போவம்" என்றுதானே வான் வண்டியில் என்னை ஏற்றினாய்?

வவுனியாவில் சாப்பிட இறங்கிய ஹோட்டலில் நீச்சல் குளத்தைக் கண்டு, குளிக்க வேண்டுமென்று பிள்ளைகள் அழுதார்கள். "மாதா எங்கை ஓடப்போறா, மாமி?" என்று உன் மனுசன் சிரித்தார். நீயும் சிரித்தாய். பின்னேரம் வரை உங்கள் ஈரத் துவாய்களுக்கு நான் காவல். வெயிலில் நின்ற வானுக்குள் மெழுகுதிரி வளைந்து உருக்குலைந்துபோனது. கோயிலுக்குப் போகாமலே திரும்பினோம்.

வழியில் பெரியவள் என் மடியில் சத்தி எடுத்தாள். அதைக் கழுவினேன், போய்விட்டது. நீங்கள் சிரித்த சிரிப்பு போகவில்லை.

சனிக்கிழமை விடிய பஸ்ஸில் சின்னவனை மடுவுக்குக் கூட்டிப் போகிறேன். குளிப்பாட்டி வை. நீங்கள் இருவரும் வரத் தேவையில்லை.

உன்னைப் பெற்றவள்