வெற்றுக் கணத்தின் பிள்ளைகள்

ஆடி 10, சனிக்கிழமை

பெரியவர்களுக்கான சனிக்கிழமைக் கணக்கு வகுப்பில் பேராசிரியை இன்று சொன்னதை முதலில் நான் நம்பவில்லை. உறுப்பே இல்லாத தொகுப்பான வெற்றுக் கணத்தைப் பற்றி, "இதில் உள்ள எல்லாரும்" என்று தொடங்கி எதைச் சொன்னாலும் உண்மையாம். அதைப் பொய்யாக்க உள்ளே ஒருவர்கூட இல்லையே என்றார். அரைமணி நேரம் வாதாடித் தோற்றேன்.

டீ இடைவேளையில், கிணத்துக்கடவிலிருந்து வகுப்புக்கு வரும் சரோஜா கேட்டார்: "ஏனுங்க, உங்க பிள்ளைங்கெல்லாம் என்ன பண்றாங்க?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் வரும் இரக்கத்துக்குப் பயந்தே யோகா வகுப்பையும் பாட்டு வகுப்பையும் பாதியில் விட்டவள் நான். இதையும் விட மனமில்லை.

"எல்லாரும் கலெக்டருங்க."

"அடேங்கப்பா! எத்தனை பேருங்க?"

"ஒருத்தரும் இல்லீங்க."

டம்ளரைக் கீழே வைத்தார். 'ஐயோ பாவம்' வரப்போகிறது என்று நினைத்தேன். அவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்படிப் பார்த்தா எம் மருமவளுக அத்தனை பேரும் தங்கமுங்க. பையனுக்கு முப்பத்தஞ்சாச்சு, இன்னும் பொண்ணே அமையல!"

இருபது வருடங்களில் அந்தக் கேள்விக்குப் பிறகு நான் சிரித்தது இன்றுதான். அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன். அடுத்த வாரம் அவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.